கீகர் கருவி சொல்லாதது: செமிபலாடின்ஸ்க் மண்ணில் எஞ்சிய கதிரியக்கத்தை அளப்பது எப்படி?

கஜகஸ்தானில் உள்ள செமிபலாடின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைத் திடலின் பெரும்பகுதியில் சாதாரணக் கீகர் கருவியோடு நடந்தால், மணிக்கு 0.1 முதல் 0.15 மைக்ரோசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அலகு) வரை காட்டும். உலகில் எத்தனையோ ஊர்களில் வீட்டு வாசலில் நின்றாலும் கிடைக்கும் அளவு அதுதான். ஆனால் இது 1949 முதல் 1989 வரை சோவியத் ஒன்றியம் 456 சோதனைகளை நடத்திய மண். பரப்பு 18,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1991 ஆகஸ்ட் 29 அன்று திடல் மூடப்பட்டதும் காவல் தளர்ந்தது. ஆடும் குதிரையும் மேய்ப்பவர்கள் உள்ளே வந்தார்கள். இரும்பும் செம்பும் தோண்டி விற்பவர்களும் வந்தார்கள். இவர்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் புல்லில் மேய்க்கலாமா, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கையில் இருக்கும் கீகர் கருவியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆண்டுகள் போகப் போக அதன் பதில் இன்னும் மோசமாகும். காரணம் அரை ஆயுள், அதாவது ஒரு பொருளில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், என்ற கணக்கில் இருக்கிறது. 70 ஆண்டுகளுக்கு முன் விழுந்த கதிரியக்கப் பொருள்களை எடுத்துக்கொள்வோம். கோபால்ட்-60 (அரை ஆயுள் 5.27 ஆண்டு) இப்போது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். யூரோப்பியம்-152 (13.5 ஆண்டு) 3 சதவீதத்துக்கும் குறைவு. சீசியம்-137 (30 ஆண்டு) ஐந்தில் ஒரு பங்கு. புளூட்டோனியம்-239 (24,100 ஆண்டு) 99.8 சதவீதம் அப்படியே இருக்கிறது. முதல் மூன்றும் காமா கதிர் விடுபவை, கருவியைக் கிறுகிறுக்க வைப்பவை. கடைசியது ஆல்பா துகள் விடுவது. அதை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும், கீகர் குழாயின் சுவரைத் தாண்டவே தாண்டாது. கருவி அடங்கிக்கொண்டே வருகிறது. நுரையீரலுக்குள் போனால் அதிகக் கேடு செய்யும் பொருளோ குறையவே இல்லை. பழைய சோதனைத் திடல் எதையும் அளக்கப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது.

எங்கே என்ன கிடக்கிறது?

திடல் முழுவதும் ஒரே மாதிரி மாசுபடவில்லை. ‘சோதனை வயல்’ எனப்படும் சமவெளியில் கோபுரத்திலும் தரைமட்டத்திலும் வானிலும் குண்டுகள் வெடிக்கப்பட்டன. 1949 ஆகஸ்ட் 29-இன் முதல் குண்டும், 1953 ஆகஸ்ட் 12-இன் வெப்ப அணுகுண்டும் இங்கேதான். தரையைத் தொட்ட வெடிப்பில் மண் உருகிக் கண்ணாடிச் சரளையானது, அதற்குள் புளூட்டோனியம் சிக்கிக்கொண்டது. நியூட்ரான்கள் மண்ணில் இயற்கையாகவே இருக்கும் யூரோப்பியத்தையும் கோபால்ட்டையும் கதிரியக்கப் பொருளாக்கின. குண்டு முழுதாக வெடிக்காத சோதனைகளும் நடந்தன. அங்கே சீசியம் சொற்பம், புளூட்டோனியம் ஏராளம்.

தெற்கே டெகெலென் மலையில் கருங்கல்லைக் குடைந்து 181 சுரங்கப் பாதைகள் போடப்பட்டிருந்தன. வெடிப்பின் கழிவு மலைக்குள்ளேயே இருக்கிறது. பனி உருகும் தண்ணீர் அதைக் கழுவி வாய் வழியே வெளியே கொண்டுவருகிறது. கிழக்கே பலபான் பகுதியில் ஆழ்துளைகளில் வெடித்தார்கள். அங்கேதான் 1965 ஜனவரி 15 அன்று 140 கிலோடன் குண்டால் நிலத்தைத் தோண்டி, ‘அணு ஏரி’ என்று பெயர்பெற்ற சாகான் ஏரியை உண்டாக்கினார்கள். பள்ளத்தின் அகலம் 400 மீட்டர், ஆழம் 100 மீட்டர். அடியிலிருந்த மண் கரையில் குவிந்து கிடக்கிறது.

சோதனை வயலில் கேள்வி தூசியைப் பற்றியது, டெகெலெனில் ஓடைநீரைப் பற்றியது, பலபானில் நிலத்தடி நீரைப் பற்றியது. ஒரே கருவியை மூன்று இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

தரையின் மேல் ஒரு மீட்டர்

முதல் வேலை காமா அளவாய்வுதான். அதன் போதாமையைச் சொன்னோமே தவிர, அது வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்பதை அதைவிட மலிவாகக் காட்டித் தரும் வழி வேறில்லை. சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய கருவியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். வண்டியில் கட்டி ஓட்டுவதானால் சில விநாடிக்கு ஒரு முறை எண்ணிக்கையும் ஜிபிஎஸ் இடமும் பதிவாக வேண்டும். முதலில் அகலமான கட்டம். சந்தேகம் எழுந்த இடத்தில் 100 மீட்டர், பிறகு 20 மீட்டர் என்று நெருக்கிக்கொண்டே போவது வழக்கம். கதிர்ப்பொழிவு, அதாவது காற்றோடு போய் இறங்கும் வெடிப்பின் தூசி, விழுந்த தடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். கட்டத்தின் கோடுகள் அதற்கு இணையாகப் போனால் தடம் இரண்டு கோடுகளுக்கு நடுவே நழுவிவிடும். ஆகவே அந்த நாளின் காற்றுத் திசையைப் பழைய பதிவுகளில் பார்த்து, அதற்குக் குறுக்கே ஓட்ட வேண்டும்.

இதில் நேரும் தவறுகளில் பாதி அவசரத்தால் வருபவை. கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பது. 100 எண்ணிக்கை கிடைத்தால் அதில் 10 கூடக்குறைய இருக்கும், 10,000 கிடைத்தால் பிழை 1 சதவீதம். குறைவான அளவுள்ள இடத்தில் வேகமாக நடந்தால் திரையில் ஏறி இறங்குவது மண் அல்ல, வெறும் தற்செயல். வானிலையும் ஏமாற்றும். மழை பெய்தால் காற்றிலுள்ள ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயுவின் வழிப்பொருள்கள் தரைக்கு வந்து அளவைத் தூக்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் தணியும். ஈர மண்ணும் பனியும் இதற்கு நேர்மாறு. 30 சென்டிமீட்டர் பனி மூடியிருந்தால் சீசியத்தின் கதிரில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். குளிர்கால அளவையும் கோடைக்கால அளவையும் ஒரே வரைபடத்தில் கலப்பவர்கள் இல்லாத தடத்தை வரைவார்கள், இருக்கும் தடத்தை அழிப்பார்கள்.

அளவு கூடியிருப்பதால் மட்டும் அது குண்டின் மிச்சம் ஆகிவிடாது. டெகெலெனின் கருங்கல்லில் பொட்டாசியமும் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கலந்த கருமணல் மேல் இதே கருவியை வைத்தால், செமிபலாடின்ஸ்க் புல்வெளியின் பெரும்பகுதியைவிடப் பல மடங்கு காட்டும். அது தோரியம், அங்கே யாரும் எதையும் வெடிக்கவில்லை. ‘எவ்வளவு’ என்பதற்கு அடுத்த கணமே ‘எதிலிருந்து’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை வேண்டும்.

ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை விடுகிறது. சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்-60 என்றால் 1173-ம் 1332-ம், யூரோப்பியம்-152 என்றால் 122, 344, 1408 என்று பல, இயற்கைப் பொட்டாசியம்-40 என்றால் 1461. நிறமாலையில் அந்தந்த ஆற்றலில் ஒரு முகடு எழும். சோடியம் அயோடைடு படிகம் 662-இல் ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் அகலமாக அந்த முகட்டை விரித்துவிடும். ரேடானின் வழிப்பொருளான பிஸ்மத்-214 விடும் 609 அதன் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சீசியம் குறைவாக உள்ள இடத்தில் இந்த ஒட்டல்தான் பொய்க் கணக்குக்கு வழி. உயர்தூய ஜெர்மானியம் முகட்டை 2-க்கும் கீழே ஒடுக்கிக் காட்டும். ஆனால் அதைத் திரவ நைட்ரஜன் அல்லது மின்குளிர்விப்பானால் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். புல்வெளியில் 40 பாகை வெயிலில் அதைச் சுமந்து திரிவது லேசான வேலையல்ல. சோடியம் அயோடைடுக்கு வேறு தொல்லை: காலையின் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே முகடுகள் நகர்ந்துவிடும். எப்போதும் எங்கும் இருக்கும் பொட்டாசியம் முகட்டை 1461-இல் நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டே போனால் அது பிடிபடும்.

ஜெர்மானியக் கருவியை முக்காலியில் ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் சுற்றிலும் பத்து மீட்டர் வட்டத்து மண்ணைப் பெரும்பாலும் அது பார்த்துவிடும். கிடைக்கும் எண்ணிக்கையைச் சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரெல் (விநாடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரெல்) என்று மாற்ற, சீசியம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு ஊகம் தேவை. உழப்படாத புல்வெளியில் மேல் 5, 10 சென்டிமீட்டரிலேயே பெரும்பகுதி நிற்கும் என்பது சரியான ஊகம். இந்த மண்ணின் களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அணு ஏரியின் கரையில் அதே ஊகம் பெரும் பிழை. அங்கே மண் தலைகீழாகப் புரண்டு கிடக்கிறது, கதிரியக்கம் மீட்டர் கணக்கில் ஆழத்திலும் இருக்கலாம். 662-இன் கதிரில் பாதியை 6 சென்டிமீட்டர் மண்ணே நிறுத்திவிடுகிறது என்பதால், மேலிருந்து பார்த்தால் அங்கே இருப்பதில் சிறு பங்குதான் தெரியும். குழி வெட்டி, அடுக்கடுக்காக எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புளூட்டோனியத்தைத் தேடுவது

புளூட்டோனியத்துக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. குண்டுப் புளூட்டோனியத்தில் சிறிதளவு கலந்திருக்கும் புளூட்டோனியம்-241, 14 ஆண்டு அரை ஆயுளில் அமெரிசியம்-241 ஆக மாறுகிறது. அமெரிசியம் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மெல்லிய காமா கதிர் விடும். வெடித்து ஏறத்தாழ 73 ஆண்டுகளில் அமெரிசியம் உச்சத்தைத் தொடும் என்பது கணக்கு. 1949 முதல் 1950-களின் நடுவரை வெடித்தவற்றுக்கு அந்த உச்சம் சரியாக இந்த ஆண்டுகளில்தான் வருகிறது. சீசியம் மங்கிவரும் வேளையில் புளூட்டோனியத்தைக் காட்டிக்கொடுக்கும் விளக்கு அதன் முழுப் பிரகாசத்தில் இருக்கிறது. இந்தக் காலத்தைத் தவறவிடாமல் அளந்து வைப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் பேருதவி.

இதற்கு 1.6 மில்லிமீட்டர் கனமே உள்ள, உள்ளங்கையைவிட அகலமான சோடியம் அயோடைடு தகடு ஏற்றது. தடித்த படிகம் என்றால் மேல் ஆற்றல் கதிர்களை எல்லாம் வாங்கி இந்த மெல்லிய முகட்டைப் புதைத்துவிடும். தரைக்கு 30 சென்டிமீட்டர் மேலே, மெதுவாக நகர்த்த வேண்டும். ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் மண்ணே பாதியைத் தடுத்துவிடும் என்பதால் மேலே மணல் மூடிய இடத்தில் இது குருடு. இன்னொன்றும் உண்டு: புளூட்டோனியத்துக்கும் அமெரிசியத்துக்கும் உள்ள விகிதம் குண்டுக்குக் குண்டு மாறும். ஒரு வெடிப்பிடத்தில் கண்ட விகிதத்தை அடுத்ததுக்குப் போட்டால் மடங்கு கணக்கில் தப்பும். ஒவ்வோர் இடத்திலும் சில மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி விகிதத்தைப் புதிதாக நிலைநாட்ட வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. புளூட்டோனியம் மாவு போல மண்ணில் கரைந்து கிடக்கவில்லை, துகளாகக் கிடக்கிறது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூய புளூட்டோனியம் ஆக்சைடு துகள் ஒன்றின் கதிரியக்கம் ஏறத்தாழ 12 பெக்கரெல். அது ஒன்று 10 கிராம் மண்ணில் விழுந்துவிட்டால் விடை கிலோவுக்கு 1,200 பெக்கரெல் என்று வரும். 100 கிராம் எடுத்திருந்தால் 120. அந்தத் துகள் பக்கத்துப் பங்கில் போயிருந்தால் ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே மண், மூன்றும் ஒழுங்காகச் செய்த அளவு. அதனால், பரப்பு தெரிந்த வளையத்தை அடித்து 5 சென்டிமீட்டர் ஆழம் எடுப்பது, ஓர் இடத்தில் ஐந்து வளையமாவது எடுப்பது, உலர்த்திச் சலித்து நுண்ணிதாக அரைப்பது, பிறகு பல பங்குகளைத் தனித்தனியே செய்து அவற்றின் சிதறலையும் சேர்த்து அறிவிப்பது. சராசரியை மட்டும் எழுதிச் சிதறலை மறைத்த அறிக்கையை நம்பி நிலம் பிரிக்கக் கூடாது.

ஆய்வுக்கூட வேலை நீளமானது. 105 பாகையில் உலர்த்தல், 450 முதல் 550 பாகையில் எரித்து இலைதழை நீக்கல், பிறகு கரைத்தல். நைட்ரிக் அமிலம் மட்டும் போட்டால் உருகிக் கண்ணாடியான சரளை கரையாது. புளூட்டோனியம் வடிதாளோடு குப்பைக்குப் போகும், அறிக்கையில் ‘குறைவு’ என்று வரும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் அல்லது உருக்கிக் கரைக்கும் முறை கட்டாயம். தொடக்கத்திலேயே அளவு தெரிந்த புளூட்டோனியம்-242 சேர்த்துவிட வேண்டும். இறுதியில் அது எவ்வளவு மீண்டது என்று பார்த்துத்தான் வழியில் இழந்ததைச் சரிக்கட்ட முடியும். 8 மோலார் நைட்ரிக் அமிலத்தில் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே பிரித்து, எஃகுத் தட்டில் மின்படிவாக்கி, வெற்றிடத்தில் நாள்கணக்கில் ஆல்பா எண்ண வேண்டும். புளூட்டோனியம்-239-இன் 5.16 மெகா எலக்ட்ரான் வோல்ட்டும் 240-இன் 5.17-ம் பிரியாது, ஆகவே இரண்டையும் கூட்டியே எழுதுவார்கள். புளூட்டோனியம்-238-ம் அமெரிசியம்-241-ம் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும். வேதிப் பிரிப்பில் கொஞ்சம் அமெரிசியம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இல்லாத 238 முளைத்துவிடும்.

239-ஐயும் 240-ஐயும் பிரித்துப் பார்க்க நிறை நிறமாலைமானி வேண்டும். அந்த விகிதம் ஒரு கைரேகை. உலகெங்கும் பரவி விழுந்த கதிர்ப்பொழிவில் 240-க்கும் 239-க்கும் உள்ள விகிதம் 0.18 அளவில் இருக்கும். குண்டுக்கென்று செய்த புளூட்டோனியத்தில் 0.07-க்கும் கீழே. ஒரு கிராமத்து மண்ணில் கிடைத்த புளூட்டோனியம் இந்தத் திடலிலிருந்து வந்ததா, உலகம் முழுவதற்கும் பொதுவானதா என்று இதை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

தரையில் கிடப்பது காற்றில் எழுகிறதா என்பது தனிக் கேள்வி. பெருவேக உறிஞ்சியில் வடிதாள் வைத்து காற்றை இழுப்பார்கள். எடுத்த அன்றே எண்ணினால் ரேடான், அதன் உறவான தோரான் ஆகிய வாயுக்களின் வழிப்பொருள்கள் விடும் ஆல்பாதான் நிறைந்திருக்கும். தோரானின் வழியில் வரும் ஈயம்-212-க்கு 10.6 மணி நேர அரை ஆயுள்; நான்கைந்து நாள் ஆறவிட்டு எண்ண வேண்டும். உறிஞ்சியை அமைதியான நாளில் வைத்து ‘காற்று சுத்தம்’ என்று எழுதுவது நேர்மையாகாது. மந்தை நடக்கும்போது, வண்டி ஓடும்போது, மண் கிளறும்போது என்ன எழுகிறது என்பதுதான் மேய்ப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது.

ஸ்ட்ரான்சியம்-90 பற்றிச் சுருக்கமாக: பீட்டா மட்டும் விடும், காமா இல்லை, எலும்பில் சேரும். வேதிமுறையில் பிரித்து இரண்டு வாரம் காத்திருந்தால் அதன் வழிப்பொருள் யிட்ரியம்-90 வளர்ந்து சமநிலைக்கு வரும். பிறகு யிட்ரியத்தை எடுத்து எண்ணுவார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாத இடத்தில் வரும் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

தண்ணீர்

டெகெலென் சுரங்க வாயிலிருந்து ஓடை இறங்கும்போது ஒரு வரிசை தெரியும். சீசியம் வாயருகே சேற்றில் படிந்துவிடும். ஸ்ட்ரான்சியம் இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியம் மட்டும் எதிலும் ஒட்டாது; அதுவே தண்ணீர் மூலக்கூறின் பகுதி, தண்ணீர் போகுமிடமெல்லாம் போகும். வாயருகே அளந்து, கீழே சீசியம் இல்லை என்பதால் ஓடை சுத்தம் என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து இங்கே பெரிது. பலபானில் நிலத்தடி நீர் வழியே சாகான் ஆற்றுக்குள் டிரிட்டியம் ஊறுகிறது. அணு ஏரிக்குச் சில கிலோமீட்டர் கீழே, ஆற்றில் லிட்டருக்கு லட்சக்கணக்கான பெக்கரெல் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு 10,000. லிட்டருக்கு 1 லட்சம் பெக்கரெல் உள்ள நீரை நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஓராண்டு குடித்தால் 1.3 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1. அந்த ஆற்றோரம் நின்று கீகர் கருவியை நீரின் மேல் பிடித்தால் டிரிட்டியத்தால் ஒரு கிறுக்கல்கூடக் கூடாது. அதன் பீட்டா அவ்வளவு மெலிந்தது, தோலின் மேலடுக்கையே தாண்டாது.

எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். டிரிட்டியத்துக்குக் கண்ணாடிப் புட்டி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை, அமிலம் சேர்க்காமல். சீசியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் வேறு புட்டி. வடிகட்டி, உடனே அமிலம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் புட்டியின் சுவரில் படிந்துவிடும். ஒரே புட்டியில் எல்லாம் முடிக்க நினைத்தால் ஏதாவது ஒன்று கெடும். ஆய்வுக்கூடத்தில் நீரைக் காய்ச்சி வடித்து, 8 முதல் 10 மில்லிலிட்டர் எடுத்து, ஒளிர்திரவத்தோடு 20 மில்லிலிட்டர் குப்பியில் கலந்து, வெளிச்சம் படாமல் சில மணி நேரம் வைத்துவிட்டு எண்ணுவார்கள். இருளில் மின்னும் டிரிட்டியக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு இந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது.

எண்ணிலிருந்து முடிவுக்கு

சர்வதேச அணுசக்தி முகமை 1990-களில் ஆய்வு செய்து 1998-இல் வெளியிட்ட அறிக்கை, திடலுக்கு வெளியே உள்ள கிராமங்களில் எஞ்சிய கதிரியக்கத்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.1 மில்லிசீவர்ட் என்றது. வெடிப்பு மையத்துக்கும் அணு ஏரிக்கும் தினம் வந்துபோகிறவர்களுக்கு 10, அங்கேயே குடியேறினால் 140 வரை என்றது. அதே மண், அதே கருவிகள். விடையை மாற்றியது மனிதர் அங்கே எவ்வளவு நேரம் எப்படி வாழ்கிறார் என்பதுதான். மந்தையோடு கோடை முழுவதும் தங்குபவர், அங்கேயே கறந்த பாலைக் குடிப்பவர், வருடம் ஒரு நாள் கடந்துபோகிறவர் ஆகிய மூவருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது அநியாயம்.

குர்ச்சாத்தொவ் நகரில் 1992-இல் தொடங்கப்பட்ட தேசிய அணு மையத்தின் ஆய்வாளர்கள் திடலைப் பகுதி பகுதியாக அளந்து வந்திருக்கிறார்கள். 2023-இல் கஜகஸ்தான் இந்த நிலத்துக்கென்று அணுப் பாதுகாப்பு மண்டலச் சட்டமே இயற்றியது. எந்தப் பகுதி மண்டலத்துக்குள், எது வெளியே என்ற கோடு இந்த அளவுகளின் மேல்தான் நிற்கிறது. அதனால் அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் கண்டறிய முடியாது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 1 பெக்கரெல் வரை பார்க்கக்கூடிய முறையில் இல்லை என்பதும், 500 இருந்தாலும் தெரியாத முறையில் இல்லை என்பதும் ஒன்றாகாது. டெகெலென் ஓடை என்றால் எந்த மாதத்தில் எடுத்தது என்பதும் வேண்டும். பனி உருகும் ஏப்ரலில் நீர் பெருகி ஓடும், ஆகஸ்டில் அதே இடம் வெறும் கசிவாக இருக்கும். இரண்டு நீரும் ஒன்றல்ல, குதிரைகள் இரண்டையும் குடிக்கின்றன.